சொட்டு இருந்தா காட்டுங்க

அந்த மனுஷன் பேரை நான் சொல்லப் போறதில்ல. சொன்னா எங்க பக்கத்து ஆளுங்க பாதிப் பேரு உடனே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சிருவாங்க, நான் சொல்ல வந்தது அப்படியே நின்னுபோயிடும். கல்யாணப் பந்தியில பரிமாறுறவரு. அவ்வளவு தெரிஞ்சாப் போதும். பாபநாசத்துலேருந்து தஞ்சாவூர் வரைக்கும் எந்த மண்டபத்துலயாவது ஒரு குண்டு மனுஷன் சாம்பார் வாளியோட வழுக்கிட்டாருன்னு காதுல விழுந்தா, அது அவருதான்.

வழுக்குவாரு, ஆனா கொட்ட மாட்டாரு. இதை மொதல்ல மனசுல வாங்கிக்கணும். இது தெரியாம நிறைய பேரு, பாவம், கால்ல ஏதோ கோளாறு போலன்னு உச்சுக்கொட்டிட்டுப் போயிருக்காங்க. கோளாறாம் கோளாறு. அந்தக் காலுக்குத் திருஷ்டி சுத்திப் போடணும்.

நான் அவரை மொதமொதல்ல பார்த்தது என் கல்யாணத்துல. மத்தியானப் பந்தி. நானும் எங்க வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்துல. நிச்சயத்துலேருந்து அன்னிக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமே போன்ல ஏழெட்டு 'ம்', ரெண்டு 'சாப்டாச்சா'. நான் இலையைப் பார்த்தே குனிஞ்சு உக்காந்திருந்தேன். கழுத்துல மாலை குத்துது, எதுத்தாப்புல கேமராக்காரர் 'சிரிங்க சிரிங்க'ன்னு உசிரை எடுக்கறாரு, இவரு மொகமோ பரீட்சை எழுதப் போறவர் மாதிரி இருக்கு.

அந்தக் கடைசியிலேருந்து பாயச வாளி வந்துச்சு. மொதல்ல தொப்பை வந்துச்சு, அப்புறம் வாளி, அதுக்கப்புறம் அவரு. அவ்வளவு பெரிய உடம்புக்குக் கீழ பாதம் மட்டும் சின்னஞ்சிறுசு. ரொம்ப ஒழுங்கா, மரியாதையா, வரிசையாப் பரிமாறிக்கிட்டே வந்தாரு. எங்களுக்கு நாலு இலை முன்னாடி கீழே கெடந்த ஒரு வாழை இலைத் துண்டுல கால் பட்டுச்சு பாருங்க. ஒரு கால் எங்கேயோ போச்சு. இன்னொரு கால் அதைத் தேடிக்கிட்டுப் போச்சு. வாளி தலைக்கு மேல போயிடுச்சு. பந்தியே 'ஐயோ'ன்னு எழுந்திரிக்குது. அந்த மனுஷன் வில்லா வளைஞ்சு, பம்பரமா ஒரு சுத்து சுத்தி, கேமராக்காரரை உரசிக்கிட்டு ஓடி வந்து, எங்க மேஜைக்கு முன்னாடி ஒரு முட்டி போட்டு நின்னாரு. கரண்டி மட்டும் நீண்டு வந்துச்சு. இவரு இலையில ஒரு கரண்டி, என் இலையில ஒரு கரண்டி. முந்திரி கூட ஆளுக்கு ரெண்டு, சரியா.

அப்புறம் எழுந்திரிச்சாரு. மொகத்துல ஒரு சிரிப்பு கெடையாது. தாலுக்கா ஆபீசுல மனு வாங்கற குமாஸ்தா எப்படி இருப்பாரு, அப்படி ஒரு மொகம். தரையை ஒரு தடவை காமிச்சு, "சொட்டு இருந்தா காட்டுங்க"ன்னாரு.

நிஜமாவே எல்லாரும் குனிஞ்சு தேடினாங்க. எங்க மாமியார் மேஜைக்கு அடியில தலையை விட்டுப் பார்த்தாங்க. ஒரு சொட்டு இல்ல. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்து, வாயில இருந்த பாயசம் மூக்கு வழியா ஏறிடுச்சு. எங்க வீட்டுக்காரரு என்கிட்ட முழுசாப் பேசின மொத வார்த்தை, "மூக்குல சேமியா இருக்கு." அந்த போட்டோ இன்னும் எங்க வீட்டு ஆல்பத்துல இருக்கு. மத்த போட்டோவெல்லாம் யாரோ ரெண்டு பேரு மாதிரி இருக்கும், அந்த ஒண்ணுலதான் நாங்க இருப்போம்.

புகுந்த ஊருக்கு வந்த அப்புறம்தான் தெரிஞ்சுது, அவரு எங்களுக்கு அடுத்த தெரு. நான் 'அண்ணே'ன்னு கூப்பிடுவேன், அவரு என்னை 'தங்கச்சி'ம்பாரு. அவர் வீட்டு அண்ணிகிட்ட நான் மெனக்கெட்டுப் போயி, "எப்படிண்ணி, அண்ணன் வீட்டுலயும் இப்படித்தானா?"ன்னு கேட்டேன்.

"வீட்டுலயா?"ன்னு அண்ணி ஒரு மூலையைக் காமிச்சாங்க. அங்க நசுங்கின டம்ளர், நசுங்கின செம்பு, காது போன குடம்னு ஒரு பழைய பாத்திரக் கடையே இருந்துச்சு. "காப்பி டம்ளரைக் குடுத்தா நேராக் கீழ போட்டுட்டுத்தான் என்ன பண்ணலாம்னு யோசிப்பாரு. பந்தியில எப்படிக் கொட்டாம இருக்காருன்னு எனக்கும் இருவது வருஷமாத் தெரியல. நான் குழம்பைக் கையில குடுக்கவே மாட்டேன், தட்டுல ஊத்தி நகத்தி வெச்சுருவேன்."

எனக்குத் தெரிஞ்சுது, ஒரு ஆடி மாசம். ஆடியில முகூர்த்தம் கெடையாதுல்ல, பரிமாறுறவங்களுக்கு வேலை இருக்காது. வாய்க்கால்ல தண்ணி பாய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. குறுவை வயல்ல களையெடுக்கற ஆளுங்களுக்கு நான் டீ கொண்டு போறேன், தூரத்துல வரப்பு மேல இந்த மனுஷன் கையில ஒரு வாளித் தண்ணியோட நிக்கறாரு. நாலு எட்டு ஒழுங்கா நடக்கறாரு, அஞ்சாவது எட்டுல வழுக்கறாரு, வாளியைத் தூக்கறாரு, சுத்தறாரு, தொப்புன்னு சேத்துல விழறாரு. எழுந்திரிச்சு வாய்க்கால்ல வாளியை ரொப்பிக்கிட்டுத் திரும்ப மொதல்லேருந்து. தலை, மீசை, தொப்பை எல்லாம் சேறு. களையெடுக்கற பொம்பளைங்க வேலையை விட்டுட்டு நடவுக்குக் குலவை போடற மாதிரி போடறாங்க.

"என்னண்ணே இது?"ன்னேன்.

"ஈரத் தரையில புதுசா ஒரு சுத்து பழகறேன் தங்கச்சி. இப்பல்லாம் மண்டபத்துல டைல்ஸ் போட்டுட்டானுங்க."

டீயைக் குடுத்தேன். குடிச்சுக்கிட்டே பெரிய ரகசியத்தைச் சொல்ற மாதிரி சொன்னாரு. "வழுக்கறதுக்கு முன்னாடி நல்லா நடந்து காமிக்கணும். தள்ளாடறவன் விழுந்தா பாவம்னுவாங்க. நெஞ்சை நிமித்தி நடக்கறவன் வழுக்கினாத்தான் சிரிப்பாங்க. அப்புறம், பச்சப்புள்ள உக்காந்திருக்கற பக்கம் சூடான வாளியோட வழுக்கக் கூடாது. அப்புறம், சும்மா நெனைச்ச எடத்துலயெல்லாம் வழுக்கக் கூடாது. பந்தியில எவன் மூஞ்சி உம்முன்னு இருக்கோ, அவன் முன்னாடிதான்."

"எங்க கல்யாணத்துல?"

"நீங்க ரெண்டு பேரும்தான். கேசு போட்டுக் கோர்ட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருந்தீங்க."

சொல்லிட்டு டம்ளரைத் திருப்பிக் குடுத்தாரு. அது என் கைக்கு வரல, வாய்க்காலுக்குப் போச்சு. தண்ணி அடிச்சுக்கிட்டுப் போனதை அண்ணனும் நானும் நின்னு பார்த்தோம்.

சாவு வீட்டுல மட்டும் அவரு வழுக்க மாட்டாரு. எங்க தெருவுல ஒரு பெரியவர் போனதுக்குப் பதினாறாம் நாள் சாப்பாடு. எங்க பக்கம் கருமாதிச் சாப்பாட்டுக்கு இலையை மாத்திப் போடுவாங்க. நல்ல நாள்ல இலையோட நுனி சாப்பிடறவங்களுக்கு இடது கைப் பக்கம் இருக்கணும், கருமாதியில வலது கைப் பக்கம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, இதனாலதான் பின்னாடி என் மானம் கப்பலேறப் பார்த்துச்சு. அன்னிக்கு அவரு வாளியைத் தூக்கிக்கிட்டு விளக்குக் கம்பம் மாதிரி நேரா வந்து நேராப் போனாரு. பந்தி முடியற நேரத்துக்குப் புருஷனைப் பறிகுடுத்த அந்த அம்மா உள்ளேருந்து வந்து நின்னாங்க. "ஏண்ணே, எங்க வீட்டு மனுஷன் பாதிக் கல்யாணத்துக்குப் போனதே நீங்க வழுக்கறதைப் பார்க்கத்தான். அவருக்காக ஒரே ஒரு தடவை வழுக்குங்களேன்"ன்னாங்க.

அவரு வாளியைப் பார்த்தாரு, அந்த அம்மாவைப் பார்த்தாரு. ரெண்டே எட்டு. சின்னதா, சத்தமில்லாம, மோர் வாளியோட ஒரு சறுக்கு சறுக்கி, பெரியவர் படத்துக்கு முன்னாடி முட்டி போட்டு நின்னாரு. "சொட்டு இருந்தா காட்டுங்க ஐயா"ன்னாரு படத்தைப் பார்த்து. அந்த அம்மா அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. நானும் அழுதேன். எனக்கு அந்த மனுஷன் மேல அன்னிலேருந்து சொந்த அண்ணன் மாதிரி ஒரு பாசம்.

அதனாலதான் என் தங்கச்சி கல்யாணம் நிச்சயமானப்ப, அண்ணன் வேலை பார்க்கற சமையல் கோஷ்டியைத்தான் வைக்கணும்னு எங்க அப்பாகிட்ட ஒத்தக் கால்ல நின்னேன்.

தங்கச்சி கதை கொஞ்சம் சொல்லணும். அவளுக்கு அதுக்கு முன்னாடி ஒரு இடம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்னுபோச்சு. காரணம் கேட்டா சிரிப்பீங்க. மாப்பிள்ளையோட அத்தையை வாசல்ல நின்னு யாரும் 'வாங்க'ன்னு கூப்பிடலையாம். அவ்வளவுதான், தட்டை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. தங்கச்சி நாலு மாசம் ரூமை விட்டு வெளிய வரல. இந்த ரெண்டாவது இடம் வந்தப்ப என்கிட்ட சொன்னா, "அக்கா, இதுவும் நின்னுச்சுன்னா இனிமே எனக்கு யாரையும் பார்க்காதீங்க. நான் இப்படியே இருந்துக்கறேன்." பையனை அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான் பயம்.

பையன் தங்கம். பையனோட அப்பாவை நெனைச்சாத்தான் எங்களுக்குப் பயம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், நெலபுலம் உள்ள குடும்பம். நல்ல மனுஷன்தான், ஆனா மரியாதை விஷயத்துல ஒரு நூல் பிசகக் கூடாது. சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்துல தனக்கு முன்னாடி வேற யாருக்கோ பரிமாறிட்டாங்கன்னு இலையை விட்டு எழுந்திரிச்சவரு, ஆறு வருஷமா அந்த வீட்டுப் படி ஏறல. அவரு குரல் வேற. அவரு காதோட காதா ரகசியம் சொன்னா மண்டபத்து வாசல்ல செருப்பு விட்டுக்கிட்டு இருக்கறவனுக்குக் கேக்கும். அந்தக் குரல்ல அவரு கோவமா ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆகும்னு யாருக்கும் பார்க்க ஆசையில்ல.

முகூர்த்தம் ஒம்பதுலேருந்து பத்தரை. காலை டிபன் ஏழு மணிக்கு. சம்பந்தி உக்கார்ற மொத இலையைப் பொண்ணு வீட்டு ஆள் கையாலதான் போடணும், அது வழக்கம். அம்மா தங்கச்சிக்கு அலங்காரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அப்பா ஐயரோட இருந்தாரு. மூத்தவ நான்தானே, நான் போட்டேன். நல்ல நுனி இலையாப் பொறுக்கி, தொடைச்சு, மேஜைக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, நுனி என் இடது கைப் பக்கம் வர்ற மாதிரி அழகாப் போட்டேன். மத்த இலையெல்லாம் பரிமாறுற ஆளுங்க போட்டுக்கிட்டுப் போனாங்க.

புரியுதா நான் பண்ணின காரியம்? வீட்டுல தரையில உக்காரப் போற எடத்துல நின்னுக்கிட்டு எனக்கு நானே போட்டுப் பழகின கை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்னு போட்டா எல்லாம் மாறிப்போகும்னு இந்த மண்டைக்கு ஏறல. அவருக்கு நுனி வலது கைப் பக்கம். கல்யாண வீட்டுல, சம்பந்திக்கு, மொத இலை, கருமாதி இலை.

நான் அதைப் பார்த்தப்ப அவரு உக்காந்தாச்சு. இட்லி விழுந்தாச்சு, பொங்கல் விழுந்தாச்சு. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய திருநீறு. பக்கத்துல வரிசையா அவங்க வீட்டு ஆம்பளைங்க பதினாறு பேரு. நான் மூணு மேஜை தள்ளி நிக்கறேன். ஓடிப் போயி மாத்தினா பதினாறு பேருக்கும் தெரிஞ்சுரும். மாத்தலைன்னா இவருக்குத் தெரிஞ்சுரும். அவரு உள்ளங்கையில தண்ணியை ஊத்தி இலையைச் சுத்தக் கையைக் கொண்டு போனாரு. கை பாதியில நின்னுச்சு. நுனியைப் பார்த்தாரு. அடியைப் பார்த்தாரு. நாற்காலி பின்னாடி கிறீச்சுன்னு நகர்ந்துச்சு. எனக்குத் தங்கச்சி மொகம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அந்த நேரத்துல அந்தக் கடைசியிலேருந்து சாம்பார் வாளியோட அண்ணன் வந்துக்கிட்டு இருந்தாரு. நெஞ்சை நிமித்தி நடந்து வந்தாரு. அவரு கண்ணு அந்த இலைக்குப் போச்சு, நாற்காலிக்குப் போச்சு, என் மொகத்துக்கு வந்துச்சு. அரை நிமிஷம் கூட இல்ல.

கீழே ஒண்ணுமே கெடக்கல. சுத்தமான டைல்ஸ். அதுல வழுக்கினாரு பாருங்க. என் கல்யாணத்துல பார்த்தது ஒண்ணுமே இல்ல. ரெண்டு காலும் ஒரே நேரத்துல ஆகாசத்துக்குப் போச்சு. வாளி மேல போயி, ஒரு கணம் யோசிச்சு, கவுந்துச்சு. மொத்த சாம்பாரும் அவர் தலையில, தோள்ல. அப்படியே குப்புற மேஜை மேல விழுந்து, சறுக்கிக்கிட்டே வந்து, சம்பந்தி இலையை இட்லி பொங்கலோட வாரி எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் இறங்கினாரு. எழுந்திரிச்சு நிக்கறாரு, தலையில இலை கவுந்திருக்கு, ஒரு காது மேல இட்லி, மீசையில முருங்கைக்காய். மொகம் மட்டும் அதே தாலுக்கா ஆபீஸ் மொகம்.

அப்புறம் சம்பந்தி சிரிச்சாரு. அந்தக் குரல்ல ஒரு சிரிப்பைக் கற்பனை பண்ணிப் பாருங்க. மேடையில நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திட்டாரு. தவில்காரர் எழுந்து நின்னு எட்டிப் பார்த்தாரு. பதினாறு பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறாங்க. சம்பந்தி கண்ணைத் தொடைக்கறாரு, திரும்ப இட்லியைப் பார்க்கறாரு, திரும்பச் சிரிக்கறாரு. நானும் சிரிச்சேன். சிரிப்பா அழுகையான்னு எனக்கே தெரியல.

அண்ணன் ஒரு புது இலையை எடுத்துத் தொடைச்சு, நுனி சரியான பக்கம் வர்ற மாதிரி சம்பந்தி முன்னாடி போட்டாரு. "மன்னிச்சுக்கங்க ஐயா, கால் வழுக்கிடுச்சு"ன்னாரு. ஒம்பதே முக்காலுக்குத் தங்கச்சி கழுத்துல தாலி ஏறுச்சு.

ஆனா ஒண்ணு. எல்லாரும் அவரு வழக்கமாச் சொல்றதைச் சொல்லுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. அவரு சொல்லல. தரையைப் பார்த்தாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து, குனிஞ்சு, தொடைக்க ஆரம்பிச்சாரு.

யாரோ போன்ல எடுத்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள சாம்பார் அபிஷேகம்னு பேரு வெச்சு எல்லார் போனுக்கும் போயிடுச்சு. துபாய்ல இருக்கற என் கொழுந்தன் வரைக்கும் பார்த்தாச்சு. இருவது வருஷம் ஒரு சொட்டு கொட்டாத மனுஷனை ஊரு 'கொட்டினவரு'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுது. எந்தப் பந்திக்குப் போனாலும், "என்ன, சொட்டைக் காட்டட்டுமா?"ன்னு எவனாவது ஒருத்தன். சமையல் கோஷ்டித் தலைவரு, "உமக்கு வயசாயிடுச்சு, இனிமே காய் நறுக்கும்"னு உள்ளே உக்கார வெச்சுட்டாரு. தோள்பட்டையில சாம்பார் சூடு கொப்புளம் போட்டிருந்துச்சு. அண்ணி மருந்து போடறப்ப நான் பார்த்தேன். எனக்குத் தூக்கம் போச்சு.

போயிச் சொன்னேன். "அண்ணே, நான் உண்மையைச் சொல்லிடறேன். இலை நான் போட்டது. நீங்க வேணும்னே விழுந்தீங்கன்னு ஊருக்கே சொல்றேன்."

அவரு ஒரு கூடை கத்திரிக்காயை நறுக்கிக்கிட்டு இருந்தாரு. "யாருகிட்ட சொன்னாலும் அது திருக்காட்டுப்பள்ளிக்குப் போகும் தங்கச்சி. உன் தங்கச்சி அங்க போயி மூணு மாசம் ஆகுது. அந்த ஆளு ஆறு வருஷம் தம்பி வீட்டுக்குப் போகாதவரு."

"அதுக்காக நீங்க?"

"எனக்கென்ன, உக்காந்து வேலை. கால் வலி இல்ல." சொல்லிட்டுக் கத்தியைக் கீழ போட்டாரு. வேணும்னு இல்ல, அது தானா விழுந்துச்சு.

நான் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு வருஷம். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், ஊருல நாலு பேரு அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிக்கறப்ப நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன். சந்தேகம் வந்துரக் கூடாதேன்னு. என் மேல எனக்கே அவ்வளவு வெறுப்பா இருக்கும்.

தங்கச்சி குழந்தைக்குக் காதுகுத்து வந்துச்சு. சம்பந்தி வீட்டு விசேஷம், திருக்காட்டுப்பள்ளியிலேயே மண்டபம். சம்பந்தி எனக்குப் போன் பண்ணினாரு. நான் போனைக் காதுலேருந்து ஒரு முழம் தள்ளி வெச்சுக்கிட்டுத்தான் பேசுவேன். "அந்தச் சமையல்காரங்களையே வெச்சிருக்கேம்மா. அன்னைக்கு விழுந்தாரே, அவரை மட்டும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அவருக்குப் பத்திரிகை வெச்சு, பொண்டாட்டியோட நீயே கூட்டிட்டு வா."

கேலி பண்ணத்தான் கூப்பிடறாருன்னு நெனைச்சேன். அண்ணன் வர மாட்டேன்னாரு. அண்ணிதான், "ஒரு நாளாவது உக்காந்து சாப்பிடறதைப் பார்க்கறேன்"னு இழுத்துக்கிட்டு வந்தாங்க.

மொதப் பந்தி. சம்பந்தி அண்ணன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி மொத நாற்காலியில உக்கார வெச்சாரு. பக்கத்துல தானும் உக்காந்தாரு. எதுத்தாப்புல நான் தண்ணிச் செம்போட நின்னுக்கிட்டு இருந்தேன். "செம்பைக் கீழ வெச்சுட்டு, ரெண்டு எலையும் நீயே போடும்மா"ன்னாரு.

இடது எது, வலது எதுன்னு மனசுக்குள்ள ஏழு தடவை சொல்லிப் பார்த்துட்டு, ரெண்டையும் சரியாப் போட்டேன். சரியாத்தான் போட்டேன். செம்பைத் திரும்ப எடுத்துக்கிட்டு, டம்ளர்ல ஊத்தலாம்னு நிமிந்தேன்.

அண்ணன் தன் இலையைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. மொகத்துல ஒண்ணும் இல்ல. ஒத்தை விரலை நுனியில வெச்சு, மெதுவா, இலையை அப்படியே ஒரு திருப்புத் திருப்பினாரு. நுனி வலது கைப் பக்கம்.

பாவி மனுஷா, என்னைக் கேலி பண்றதுக்கு முன்னாடி பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பார்க்கலையா. சம்பந்தி கை நீண்டு வந்துச்சு. அந்த இலையைப் பிடிச்சு, திரும்பச் சரியான பக்கம் வெச்சுச்சு.

அப்புறம் என் பக்கமாக் குனிஞ்சு, ரகசியமாச் சொன்னாரு. அவரு ரகசியம்தான் தெரியுமே. கடைசி மேஜை வரைக்கும் பேச்சு நின்னுபோச்சு.

"அன்னைக்கு எல மாறி இருந்ததைப் பார்த்துட்டேம்மா. எந்திரிச்சுப் போயிடணும்னுதான் நாற்காலியைத் தள்ளினேன். அதுக்குள்ள இந்த ஆளு விழுந்தாரு. வயிறு வலிக்கச் சிரிச்சுட்டேன், சிரிச்ச அப்புறம் எப்படிக் கோவப்படறது. சாயங்காலம் வேட்டியை மாத்தறப்பத்தான் பார்க்கறேன். ஒரு வாளி சாம்பார் என் மூஞ்சிக்கு நேரா கவுந்துச்சு, வேட்டியில ஒரு சொட்டு இல்ல, சட்டையில ஒரு சொட்டு இல்ல. கால் வழுக்கினவன் அப்படியா விழுவான்? என் வீட்டுக்கு ஒரு மருமகளைக் கொண்டு வந்து சேர்க்கறதுக்காகத் தன் தலையில கொட்டிக்கிட்ட மனுஷன். நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு வருஷம் பார்த்தேன். வாயே திறக்கலையே ரெண்டு பேரும்."

உள்ளேருந்து சமையல் கோஷ்டித் தலைவர் கையில கரண்டியோட வெளிய வந்து நின்னுட்டாரு. அவருக்கும் கேட்டிருக்கு. கேக்காம எப்படி. போயி ஒரு சாம்பார் வாளியைக் கொண்டு வந்து அண்ணன் இலைக்குப் பக்கத்துல வெச்சாரு. அண்ணி முந்தானையால மொகத்தை மூடிக்கிட்டாங்க. தங்கச்சி குழந்தையோட தூரத்துல நின்னு, "அக்கா, எந்த எல?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கா.

நான் என்ன பண்ணுவேன். ரெண்டு வருஷமாப் பிடிச்சு வெச்சிருந்ததெல்லாம் ஒரேயடியா விட்டுப்போச்சு, கையில இருந்த செம்பும் சேர்த்து. நல்ல பெரிய செம்பு. மேஜையில ஒரு இடி, நாற்காலியில ஒரு இடி, தரையில உருண்டுக்கிட்டே போயி சம்பந்தி காலடியில நின்னுச்சு. தண்ணி என் புடவை, அவரு வேட்டி, தரை பூரா.

மண்டபமே சிரிப்பா சிரிக்குது, சம்பந்தி சிரிப்புல குழந்தை வீல்னு அழுவுது. அண்ணன் மட்டும் சிரிக்கல. நிதானமாக் குனிஞ்சு மேஜைக்கு அடியில பார்த்தாரு. நிமிந்தாரு. அதே தாலுக்கா ஆபீஸ் மொகத்தோட என்னைப் பார்த்துச் சொன்னாரு.

"சொட்டு இருக்கு தங்கச்சி."